நிகமம் முதல் நிறுவனம் வரை

பலர் கூடி முதலிட்டு நடத்தும் தொழிலை இன்று ‘நிறுவனம்’ என்றோ ‘கம்பெனி’ என்றோ வழங்கினாலும், அத்தகைய அமைப்புக்குத் தமிழில் மிகப் பழைய பெயர்கள் உள்ளன. மதுரையை அடுத்த மாங்குளத்தின் தமிழி எழுத்துக் கல்வெட்டில் வரும் ‘நிகமம்’ வணிகர் குழுவைக் குறிக்கும், பிராகிருத வழியாக வந்த சொல். பொதி சுமந்து கூட்டமாகச் செல்லும் வணிகர் ‘சாத்து’ எனப்பட்டனர். இடைக்காலத்தில் மணிக்கிராமம், அஞ்சுவண்ணம், ஐந்நூற்றுவர் என்னும் குழுக்கள் கடல் கடந்தும் இயங்கின. சுமத்ராவின் லோபு துவாவில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஐந்நூற்றுவருடையதே. கிழக்கிந்தியக் கம்பெனியின் வருகையோடு மக்கள் வாயில் ‘கும்பினி’ புழங்கியது, அது வணிகத்தைவிட ஆட்சியையே நினைவூட்டியது என்பது வேறு.

வணிகம், வாணிபம், வியாபாரம் மூன்றும் ஏறத்தாழ ஒருபொருட் சொற்கள். தொழில் என்பதோ உற்பத்தியையும் உழைப்பையும் தழுவிய விரிந்த சொல். தொழிலை நடத்தும் அமைப்புகளின் பெயர்களும் பேச்சில் மயங்கினும் இந்தியச் சட்டத்தில் மயங்குவதில்லை: 1932ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமையும் கூட்டாண்மை, அதாவது பங்காளிகள் சேர்ந்து நடத்தும் தொழில், தனிச் சட்ட ஆளாகாது, 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவாகும் ‘நிறுமம்’ எனப்படும் கம்பெனியோ உறுப்பினரினின்று வேறான சட்ட ஆளாகும்.