பழைய ஆர்எக்ஸ்-8: சூடா ஒரு ஸ்டார்ட் போட்டுப் பாருங்க

2003-ல் வந்த மாஸ்டா ஆர்எக்ஸ்-8 ஸ்போர்ட்ஸ் கார், பிரிட்டனின் பழைய கார் சந்தையில் சல்லிசா கிடைக்கும். காரணம் இன்ஜின். இதில் பிஸ்டனே கிடையாது. முக்கோண வடிவ ரோட்டர் ரெண்டு சுழலுது. ஒவ்வொரு ரோட்டரின் மூன்று முனையிலும் ஒரு ஏபெக்ஸ் சீல். அது தேஞ்சா கம்ப்ரஷன் போச்சு; இன்ஜினையே பிரிக்கணும்.

ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகுதேன்னு மயங்காதீங்க. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது கெட்டியான ஆயில் கசிவை ஓரளவு அடைச்சிடும். அரை மணி நேரம் நல்லா ஓட்டி, ஆஃப் பண்ணி, சில நிமிஷம் கழிச்சு மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க. இழுத்துக்கிட்டே இருந்தா சீல் மேல சந்தேகம் வரணும். (பேட்டரி வீக்கா இருந்தாலும் இப்படி ஆகலாம்.)

அதனால கம்ப்ரஷன் டெஸ்ட் அவசியம். சாதாரண கேஜ், ரோட்டரின் மூன்று முகங்களில் அதிகமா உள்ளதை மட்டும்தான் காட்டும்; ஒரு முகம் செத்திருந்தாலும் தெரியாது. ரோட்டரி டெஸ்டரில் மொத்தம் ஆறு எண் வரும். ஆறையும் கேட்டு வாங்குங்க.

ஆயில் குறையுதேன்னு பயப்பட வேண்டாம். சீல் தேயாம இருக்க, இன்ஜினே கொஞ்சம் ஆயிலை உள்ளே பீச்சி எரிக்கும்; டிசைனே அப்படி. "நம்ம வண்டி ஆயிலே குடிக்காது"ன்னு விற்கிறவர் பெருமைப்பட்டாத்தான் யோசிக்கணும்.