புழு மருந்துக்கும் தேறாத செம்மறி

செம்மறி மெலிந்தால் சிலாங்கூர் வளர்ப்பாளர் முதலில் சந்தேகப்படுவது குடற்புழுவை. அதில் தவறில்லை. ஆண்டு முழுவதும் மழையும் வெக்கையும் மாறி மாறி வரும் கிள்ளான் பள்ளத்தாக்கில் இரத்தம் உறிஞ்சும் வயிற்றுப் புழுதான் ஆட்டுக்குப் பெரிய எதிரி. கீழ் இமையை விலக்கினால் உள்பக்கம் வெளுத்திருக்கும். தாடைக்கடியில் நீர் கோத்துத் தொங்கும். தகுந்த மருந்து கொடுத்தால் பெரும்பாலும் தேறிவிடும்.

தேறாத ஆடுதான் கவலைக்குரியது.

நன்றாக மேய்கிறது, ஆனால் முதுகெலும்பு துருத்துகிறது, ரோமம் உதிர்கிறது. இரண்டு வயதைத் தாண்டிய செம்மறி இப்படிக் கரைந்துகொண்டே போனால் ஜோனிஸ் நோயையும் நினைத்துப் பார்க்க வேண்டும். காசநோய்க் கிருமிக்கு உறவான ஒரு பாக்டீரியா குடல் சுவரில் குடியேறி, அதைத் தடிக்க வைத்து, தின்ற தீனியின் சத்து உடம்பில் சேராமல் செய்துவிடுகிறது. 1895இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் ஹைன்ரிக் யோனேவும் லாங்டன் ஃப்ராதிங்ஹாமும் ஒரு மாட்டின் குடலில் இதைக் கண்டார்கள். மாட்டுக்கு வந்தால் தீராத கழிச்சல் காட்டிக்கொடுக்கும். செம்மறிக்குப் பெரும்பாலும் கழிச்சலே இருப்பதில்லை.

குட்டிப் பருவத்தில், புழுக்கை பட்ட மடியிலும் தீனியிலும் தொற்றும் கிருமி வெளியே தெரிய ஆண்டுகள் ஆகும். 1933இல் ஐஸ்லாந்து ஜெர்மனியிலிருந்து 20 கராகுல் செம்மறிகளை இறக்கியது. பார்வைக்கு ஆரோக்கியமான அந்த ஆடுகளோடு வந்த நோய்களில் இதுவும் ஒன்று. அந்நாட்டை விட்டு இன்னும் போகவில்லை.

இரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைத் தேடும் எலிசா சோதனை, நோய் முற்றிய பிறகே நம்பகமாகப் பேசும். இளம் ஆட்டுக்கு ‘இல்லை’ என்று வரும் முடிவை வைத்து நிம்மதியடைய முடியாது. புழுக்கையில் கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் விரைவானது. ஆனால் தொடக்கத்தில் கிருமி விட்டுவிட்டுத்தான் வெளியேறும். ஆய்வகத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்க மாதங்கள் பிடிக்கும். ஆகவே இந்தச் சோதனைகள் தனி ஆட்டைவிட மந்தையைப் பற்றியே நன்றாகச் சொல்லும். ஆஸ்திரேலியாவில் 50 ஆடுகளின் புழுக்கையை ஒன்றாகக் கலந்து சோதிக்கும் முறை இப்படித்தான் வந்தது.

மிக உறுதியான பதில் பிரேதப் பரிசோதனையில் கிடைக்கும். சிறுகுடலின் கடைசிப் பகுதி தடித்திருக்கலாம், அருகிலுள்ள நிணநீர்க் கட்டிகள் வீங்கியிருக்கலாம். கண்ணுக்கு எதுவும் தெரியாவிட்டாலும், காசநோய்க்குப் பயன்படும் அதே சாயத்தை ஏற்றி நுண்ணோக்கியில் வைத்தால் சிவப்புக் குச்சிகளாகக் கிருமிகள் தெரியக்கூடும்.

நோய் முற்றிய ஆட்டைக் குணப்படுத்த மருந்து கிடையாது. எனவே மெலிந்த ஆட்டை வந்த விலைக்குத் தள்ளிவிடுவது, நோயை அடுத்தவர் கொட்டகைக்கு அனுப்புவதாகிவிடும். கால்நடை மருத்துவரை அழைத்துக் காட்டுவதே முறை. செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவப் புலமும், ஈப்போவில் கால்நடை ஆய்வுக் கழகமும் இருக்கின்றன. ஆடு இறந்துவிட்டால் உடனே புதைக்காமல், சிறுகுடலின் கடைசித் துண்டையும் நிணநீர்க் கட்டியையும் மருத்துவர் எடுத்து, ஒரு பாதியை ஃபார்மலினிலும் மறுபாதியை ஐஸ் பெட்டியிலும் அனுப்பச் செய்யலாம்.