காணாமல் போன 15,841 பேர்!
ஒரு பட்டியலால் வந்த வினை

இங்கிலாந்து நாட்டில் 2020-ம் ஆண்டு ஒரு விபரீதம் நடந்தது.

15,841 நோயாளிகளின் விவரங்கள் காணாமல் போய்விட்டன!

திருடன் வரவில்லை. தீப்பிடிக்கவில்லை. ஒரு கம்ப்யூட்டரில் இருந்த பட்டியலை இன்னொரு கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். ஏற்றும்போது விடுபட்டுப் போயின. அவ்வளவுதான்.

அது கொரோனா பரவிய காலம். ஒருவருக்கு நோய் என்று தெரிந்தால், அவருடன் பழகியவர்களை உடனே தேடிப்பிடித்து, "வீட்டிலேயே இருங்கள்" என்று எச்சரிக்க வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் நோய் பரவும்.

அந்தப் பட்டியலே குறைந்துபோனால் யாரைத் தேடுவது?

இது எப்படி நடந்தது? அதைத் தெரிந்துகொள்ள, கம்ப்யூட்டரில் பட்டியல் ஏற்றும் வித்தையை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

கமா போட்ட பட்டியல்

ஒரு காகிதத்தில் இப்படி எழுதுங்கள்:

வள்ளி,34,மதுரை

பெயர், வயது, ஊர். நடுவில் கமா. ஓர் ஆளுக்கு ஒரு வரி. ஆயிரம் பேர் என்றால் ஆயிரம் வரி.

இதே மாதிரி கம்ப்யூட்டரிலும் எழுதி வைக்கிறார்கள். கமாவுக்குப் பதில் வேறு குறி போடுவதும் உண்டு. எந்தக் கம்ப்யூட்டரும் இதைப் படிக்கும். அதனால்தான் ஓர் அலுவலகத்தில் இருந்து இன்னோர் அலுவலகத்துக்கு விவரம் அனுப்ப இந்த முறை வசதியாக இருக்கிறது.

வந்த பட்டியலை எங்கே வைப்பது? டேபிளில்!

சாப்பாட்டு மேஜை என்று நினைக்காதீர்கள். இது கட்டம் போட்ட கணக்குப் புத்தகம் போன்றது. பெயருக்கு ஒரு கட்டம். வயதுக்கு ஒரு கட்டம். ஊருக்கு ஒரு கட்டம். இப்படி டேபிள் டேபிளாக விவரங்களை வைக்கலாம் என்று 1970-ம் ஆண்டில் கட்டுரை எழுதி வழிகாட்டியவர், எட்கர் காட் என்ற அறிஞர். ஐ.பி.எம். கம்பெனியில் வேலை பார்த்தவர்.

பட்டியலை டேபிளில் ஏற்ற ஒரே ஒரு கட்டளை போதும். 'போஸ்ட்கிரஸ்' என்ற டேட்டாபேசில் அந்தக் கட்டளைக்குக் 'காப்பி' என்று பெயர். 'மைஎஸ்கியூஎல்' என்பதில் 'லோட் டேட்டா' என்று பெயர். ஆள் உட்கார்ந்து எழுதினால் மாதக் கணக்கில் ஆகும் வேலை, கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்!

மிளகு அறையில் சீரகம்

வேலை சுலபம்தான். ஆனால் ஏமாந்தால் போச்சு!

வீட்டில் அஞ்சறைப் பெட்டி இருக்கிறது. மிளகு அறையில் சீரகத்தைக் கொட்டினால் என்ன ஆகும்? குழம்பு கெடும். இங்கேயும் அதே கதைதான்.

இந்த வரியைப் பாருங்கள்:

வள்ளி,12, கீழமாசி வீதி,மதுரை

பெயர், முகவரி, ஊர் என்று மூன்றே அறை. ஆனால் முகவரிக்கு உள்ளேயே ஒரு கமா இருக்கிறது. கம்ப்யூட்டருக்கு அது தெரியுமா? முகவரியில் '12' என்று போடும். ஊர் என்ற இடத்தில் 'கீழமாசி வீதி' என்று போடும். மதுரைக்கு இடமே இராது!

இதற்கு மருந்து உண்டு. முகவரியை இரட்டை மேற்கோள் குறிக்குள் அடைக்க வேண்டும்:

வள்ளி,"12, கீழமாசி வீதி",மதுரை

குறிக்குள் இருக்கும் கமாவைக் கம்ப்யூட்டர் தொடாது.

இன்னொரு தொல்லை, பூஜ்யம். சென்னையின் தொலைபேசிக் குறியீடு 044. அதை 'எண்' என்று ஏற்றினால், முன்னால் உள்ள பூஜ்யம் பறந்துவிடும். 44 என்று நிற்கும். ஆகவே தொலைபேசி எண்ணை 'எழுத்து' என்றே ஏற்ற வேண்டும்.

தேதியும் அப்படித்தான். 03/04/2024 என்றால் நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்கருக்கு மார்ச் 4! எந்த முறை என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இங்கிலாந்தில் நடந்தது என்ன?

அங்கே பரிசோதனைக் கூடங்கள் கமா போட்ட பட்டியல்களைத்தான் அனுப்பின. அவற்றைச் சுகாதாரத் துறை நேரே டேட்டாபேசில் ஏற்றவில்லை. நடுவில் 'எக்ஸெல்' என்ற கணக்குத் தாளில் ஏற்றியது. அதுவும் பழைய காலத்துத் தாள். அதில் 65,536 வரிகள்தான் பிடிக்கும். ஒரு நோயாளிக்கே பல வரிகள் தேவைப்பட்டன.

தாள் நிரம்பியது. அதற்குமேல் வந்தவை உள்ளே போகவில்லை.

செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இப்படியே நடந்தது. நோயாளிகளுக்கு "உங்களுக்கு நோய் இருக்கிறது" என்ற தகவல் போய்ச் சேர்ந்தது. ஆனால் அவர்களுடன் பழகியவர்களைத் தேடுகிறவர்களுக்குப் பெயர் போகவில்லை. தவறு தெரிந்தபிறகு, பட்டியலைச் சிறு சிறு துண்டாக்கி ஏற்றினார்கள். ஆனால் போன நாட்கள் திரும்பி வருமா?

தப்புவது எப்படி?

களத்தில் நெல்லைத் தூற்றிய பிறகுதானே பத்தாயத்தில் கொட்டுகிறோம்? அதுபோல, வந்த பட்டியலை முதலில் ஒரு தற்காலிக டேபிளில் கொட்ட வேண்டும். குறைகளைக் களைந்தபிறகு பெரிய டேபிளுக்கு மாற்ற வேண்டும்.

பாதியில் பிழை வந்தால், ஏறிய பாதியையும் திருப்பி எடுத்துவிட வசதி உண்டு. அதைப் பயன்படுத்த வேண்டும். அரைகுறையாக விடக்கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, எண்ண வேண்டும்! வந்த வரிகள் எத்தனை? ஏறிய வரிகள் எத்தனை? இரண்டும் ஒன்றுதானா? ஒரு வரி குறைந்தாலும் விடக்கூடாது. அந்த ஒரு வரி, ஒரு குடும்பத்தின் உயிராக இருக்கலாம்.

'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்றார்கள் நம் பெரியவர்கள்.

கம்ப்யூட்டரில் போட்டாலும் எண்ணிப் போடுங்கள்!