உதவி எங்கே இருக்கிறது? ஊவாத் தோட்டங்களில் வலது குறைந்தோரும் அவர்களது குடும்பங்களும்

அப்புத்தளையிலிருந்து தம்பேத்தன்னைக்கு ஏறும் பாதையிலோ, பசறை, நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டங்களிலோ காலை ஒன்பது மணிக்கு நடந்து பாருங்கள். லயங்கள் வெறிச்சோடிக் கிடக்கும். பெரட்டுக்குப் போனவர்கள் மலையில் நிற்பார்கள். கைக்குழந்தைகள் பிள்ளைக் காம்பராவிலும், பெரிய பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலும் இருப்பார்கள். ஆனால் ஏதாவதொரு காம்பராவின் கதவு வெளியே கொக்கி மாட்டியிருக்க, உள்ளிருந்து ஒரு குரல் கேட்கும். நடக்க முடியாத பிள்ளையாக இருக்கலாம், பாரிசவாதத்தில் விழுந்த கிழவராக இருக்கலாம். பூட்டிவிட்டுப் போன தாயைக் கல்மனம் படைத்தவள் என்று சொல்லிவிட முடியாது. அவள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் விழாது.

இக்கட்டுரை அந்தத் தாய்க்காகவும், அவளுக்கு உதவ விரும்பும் எம் போன்றோருக்காகவும் எழுதப்படுகிறது. உதவிகள் இல்லாமல் இல்லை. அவை ஐந்தாறு இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. தோட்டத்திலிருந்து அவற்றைச் சென்றடையும் வழிதான் கரடுமுரடானது.

தோட்ட மக்களின் நிலை விசேடமானது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். கிராமத்தில் ஒருவருக்குக் கால் போனால் அவர் கிராம உத்தியோகத்தரிடம் போகிறார். தோட்டத்தில் ஒருவருக்குக் கால் போனால் அவர் முதலில் போவது தோட்டக் கந்தோருக்கு. நூறு வருடப் பழக்கம் அது. வீடு, தண்ணீர், மருந்து, பிறப்புப் பதிவு என எல்லாம் துரையின் கந்தோர் வழியாகவே வந்தன. 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் பெரும்பாலானோரை நாடற்றவராக்கிய பின், அரசாங்கக் கந்தோரின் படி ஏறுவதற்கே உரிமை இல்லை என்ற எண்ணம் ஊறிப்போயிற்று. எஞ்சியிருந்தோருக்கும் 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் பிரஜாவுரிமை கிடைத்தது. ஆனாலும் பயம் சட்டத்தோடு போய்விடவில்லை.

மறுபுறத்தில் அரசாங்கமும் தோட்டங்களைத் தனக்கு வெளியே உள்ளவையாகவே பார்த்து வந்தது. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆவது பிரிவு, சபைகள் தோட்டங்களுக்குள் சேவை செய்வதற்குத் தடையாக இருந்தது. அது திருத்தப்பட்டது 2018 இல்தான். 1992 இல் தோட்டங்களின் முகாமைத்துவம் கம்பனிகளுக்குக் கைமாறியபோது, வேலை செய்ய முடியாதவர்கள் யாருடைய பொறுப்பு என்ற கேள்வி அந்தரத்தில் விடப்பட்டது. "கந்தோரில் கேளுங்கள்" என்று அதிகாரியும், "பிரதேச செயலகத்தில் கேளுங்கள்" என்று கந்தோரும் சொல்லும் பதில்கள் இங்கிருந்துதான் பிறக்கின்றன.

எண்கள் சிலவற்றையும் பார்ப்போம். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்ட இலங்கையரில் ஏறத்தாழ 16 இலட்சம் பேருக்குப் பார்த்தல், கேட்டல், நடத்தல் முதலியவற்றில் ஏதாவதொரு சிரமம் இருந்தது. 2019 ஆம் ஆண்டின் வீட்டு வருமான, செலவின ஆய்வு, நாட்டின் வறுமையை 14.3 வீதம் என்றும், தோட்டத்துறை வறுமையை 33.8 வீதம் என்றும் காட்டியது. இவ்விரண்டும் ஒரே காம்பராவுக்குள் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை எந்த அட்டவணையும் சொல்வதில்லை.

இனி வழிக்கு வருவோம். வலது குறைந்த பிள்ளையையுடைய ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். அவள் முதலில் நாட வேண்டியவர் கிராம உத்தியோகத்தர். அடுத்தவர், பழையவர்கள் இன்றும் ஏ.ஜீ.ஏ. கந்தோர் என்றே சொல்லும் பிரதேச செயலகத்தில் இருக்கும் சமூக சேவை உத்தியோகத்தர். பதுளை மாவட்டத்தின் 15 பிரதேச செயலகங்களிலும் தேட வேண்டிய பெயர் இதுதான். வலது குறைந்தோருக்கான மாதக் கொடுப்பனவு, சக்கர நாற்காலி, ஊன்றுகோல், காது கேட்கும் கருவி, சுயதொழில் உதவி, வீட்டைத் திருத்துவதற்கான உதவி ஆகியவற்றுக்கான விண்ணப்பங்கள் எல்லாம் அவருடைய மேசையைக் கடந்தே வலது குறைந்தோருக்கான தேசிய செயலகத்துக்கோ மாகாண சமூக சேவைத் திணைக்களத்துக்கோ போகின்றன.

மாதக் கொடுப்பனவு 2024 இல் 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. 2025 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அது 10,000 ரூபாவாக்கப்பட்டது. இது 2023 இல் ஆரம்பமான அஸ்வெசும குடும்பக் கொடுப்பனவிலிருந்து வேறானது. ஒன்று கிடைத்தால் மற்றது தானாகவே வந்துவிடும் என்று எண்ணிப் பலர் ஏமாறுகிறார்கள். அஸ்வெசும பற்றி 1924 என்ற இலக்கத்திலும், பொதுவான அரசாங்க சேவைகள் பற்றி 1919 என்ற இலக்கத்திலும் தொலைபேசியில் கேட்கலாம். கேட்குமுன் அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

முதியோரும் ஏழைகளும் மாகாண சபையிடமிருந்து பெறும் சிறு உதவிப் பணத்தைச் சிங்களத்தில் "பின் படி" என்கிறார்கள், அதாவது புண்ணியச் சம்பளம். தமிழில் அதற்கு நாம் வைத்த பெயர் பிச்சைச் சம்பளம். வாங்குபவரை வரிசையில் நிற்குமுன்னரே குனிய வைக்கும் பெயர் இது. எமது கூட்டங்களிலாவது இச்சொல்லை விட்டுவிடலாம்.

விண்ணப்பத்தோடு அரசாங்க வைத்திய அதிகாரியின் சான்றிதழ் வேண்டும். தோட்டத்து டிஸ்பென்சரித் துண்டு இதற்குப் போதாது. எனவே தியத்தலாவை ஆதார வைத்தியசாலைக்கோ, பதுளை போதனா வைத்தியசாலைக்கோ, அண்மையிலுள்ள வேறு அரசாங்க ஆஸ்பத்திரிக்கோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பிறப்புச் சான்றிதழும் வேண்டும். பெரும்பாலான விண்ணப்பங்கள் இங்கேதான் முறிகின்றன. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர் என்ற கதை ஊவாவில் எந்தத் தோட்டத்துக்கும் புதிதல்ல. சான்றிதழே இல்லாதவருக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்க வழியுண்டு. அதற்கு இன்னும் சில நடைகள் வேண்டும்.

இந்த நடைகளின் விலையை யாரும் கணக்கிடுவதில்லை. நாட்சம்பளத்தின் அடிப்படைத் தொகை 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. கிராம உத்தியோகத்தரைக் காண ஒரு நாள், ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள், பதிவாளரிடம் ஒரு நாள், செயலகத்துக்கு ஒரு நாள் என்று வைத்தாலும் அந்தத் தொகையின்படி 5,400 ரூபா போய்விடும். பஸ் காசும் பகல் சாப்பாடும் தனி. உத்தியோகத்தர் வெளிக்களத்துக்குப் போயிருந்தால் இன்னொரு பேரும் போகும். இவ்வளவுக்குப் பின்னும், ஒதுக்கிய பணம் போதாவிட்டால் தகுதியுள்ளவர் கூடக் காத்திருப்போர் பட்டியலில் இருக்க நேரிடும். அந்தத் தாய் இரண்டாம் தடவை போகாமல் விட்டால் அதைச் சோம்பல் என்று சொல்பவர்கள் தோட்டச் சம்பளத்தில் ஒரு மாதம் வாழ்ந்து பார்க்கட்டும்.

மொழியும் ஒரு தடை. பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் 1999 இல் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. அங்கெல்லாம் தமிழில் விண்ணப்பிக்கவும் தமிழில் பதில் பெறவும் உரிமையுண்டு. சிங்களப் படிவம் தரப்பட்டால் தமிழ்ப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். கோபிக்க வேண்டியதில்லை, கேட்டாலே போதும்.

கடிதமும் அப்படியே. லயத்துக் காம்பராவுக்கென்று தனி முகவரி இல்லாத இடங்களில் கடிதங்கள் தோட்டக் கந்தோருக்கே வருகின்றன. வைத்தியப் பரிசோதனைக்கான அழைப்பு திகதி கடந்து கைக்குக் கிடைப்பது இதனால்தான். விண்ணப்பத்தில் தொலைபேசி இலக்கமொன்றைத் தவறாமல் எழுதுங்கள். சொந்தத்தில் இல்லையென்றால் நம்பிக்கையான அயலவருடையதை எழுதலாம்.

வேலையில் ஊனமடைந்தவர்களுக்கு வேறு வழிகளும் உண்டு. ஸ்டோர் இயந்திரத்தில் கை போனவர், மலையில் விழுந்து முதுகு உடைந்தவர் ஆகியோர் 1934 ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நட்டஈடு கோரலாம். நிரந்தரமாக வேலை செய்ய முடியாதென வைத்தியர் சான்றளித்தால், ஓய்வு வயதுக்கு முன்னரே ஊழியர் சேமலாப நிதியைப் பெறலாம். தலைவர்மார் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். எல்லாத் தலைவர்மாரும் தெரிந்து வைத்திருக்கிறார்கள் என்று சொல்வதற்கில்லை.

பிள்ளைகளின் படிப்பு விடயத்தில் சட்டம் தெளிவானது. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தின் 23 ஆவது பிரிவின்படி, ஊனத்தைக் காரணம் காட்டி ஒருவரைக் கல்வி நிறுவனத்தில் சேர்க்காமல் ஒதுக்க முடியாது. பாதிக்கப்பட்டவர் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு விண்ணப்பிக்கலாம். நீதிமன்றம் வரை யாரும் போக வேண்டியதில்லை. வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரைக் கண்டு, இச்சட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேட்பதே நல்ல ஆரம்பம். பார்வையற்ற, செவிப்புலனற்ற பிள்ளைகளுக்கு 1912 இல் ஆரம்பமாகி இரத்மலானையில் நடந்துவரும் பாடசாலையின் பரம்பரையும், தமிழ் மொழி மூலம் கற்பிக்கும் கைதடி நவீல்ட் பாடசாலையும் உண்டு. ஆனால் ஊவாவிலிருந்து கைதடி வெகுதூரம். ஆறு வயதுப் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பத் தயங்கும் பெற்றோரை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆகவேதான் பிள்ளை இருக்கும் இடத்திலேயே பயிற்சி என்ற சிந்தனை முக்கியமாகிறது. 1978 அல்மா ஆட்டா மாநாட்டைத் தொடர்ந்து உலக சுகாதார நிறுவனம் முன்வைத்த சமூகம் சார் புனர்வாழ்வு முறையின் சாரம் இதுவே. மெக்சிகோவின் மலைக்கிராமமான அஹோயாவில் ஊனமுற்ற கிராமத்தவர்களே நடத்திய புரொஹிமோ திட்டத்தின் அனுபவத்தைக் கொண்டு டேவிட் வேர்னர் 1987 இல் ஒரு பெரிய கைநூலை வெளியிட்டார். நடை பழகும் கம்பிகளை மூங்கிலாலும், உட்கார முடியாத பிள்ளைக்கான ஆசனத்தைப் பலகையாலும் ஊரிலேயே செய்வது எப்படியென்று அதில் படங்களோடு விளக்கியிருக்கிறார். எமக்கு அண்மையில், நுவரெலியாவில் 1988 முதல் மென்கபெப் நிறுவனம் தோட்டப்புறப் பிள்ளைகளோடும் பெற்றோரோடும் வேலை செய்து வந்திருக்கிறது.

இவ்விடத்தில் சக்கர நாற்காலியைப் பற்றி ஒரு வார்த்தை. நன்கொடையாளருக்குப் பிடித்த பொருள் அது. படமும் நன்றாக வரும். ஆனால் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் அது திரும்ப இடமில்லை. வாசலில் கான், அதற்கப்பால் படிக்கட்டு, மலசலகூடம் அதற்கும் கீழே. மூன்று மாதத்தில் நாற்காலி அடுப்படியில் விறகு சுமக்கும். கானுக்கு மேல் ஒரு பலகை, மலசலகூடத்துக்குப் போகும் வழியில் ஒரு கைபிடிக் கம்பி, உட்கார்ந்து எழ ஒரு கட்டை, இவற்றை முதலில் செய்யலாம். லயத்து இளைஞர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிக்கக்கூடிய வேலை.

ஒவ்வொரு டிவிசனுக்கும் வழி தெரிந்த ஒருவரைத் தயார் செய்வதை இன்றே தொடங்கலாம். படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்பிள்ளையாகவோ, பிள்ளைக் காம்பராவில் கடமை செய்பவராகவோ, ஓய்வுபெற்ற ஆசிரியராகவோ அவர் இருக்கலாம். வலது குறைந்தோரின் பெயர், வயது, இருக்கும் பத்திரம், இல்லாத பத்திரம் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி வைப்பதே முதல் வேலை. ஐந்து குடும்பங்களின் பத்திரங்களை ஒருவர் கொண்டுபோனால் நான்கு பேருடைய நாட்சம்பளம் மிஞ்சும். போனவருடைய பேரை ஐவரும் பங்கிட்டுக் கொடுக்கலாம். சங்கக் கூட்டத்தில் ஒரு தடவை பேசித் தீர்க்கக்கூடிய விடயம் இது.

பிரதேச செயலகத்தின் நடமாடும் சேவை தோட்டத்துக்கு வரும்போதும் இந்தக் கொப்பி கைகொடுக்கும். அன்று வரிசையில் நிற்பவர்கள் நடக்கக் கூடியவர்களே. பின் காம்பராவில் இருப்பவரின் பெயரை யாராவது கொண்டுபோய்க் கொடுத்தால்தான் அதிகாரி லயத்துக்கு இறங்கி வருவார்.

கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை மண் சரிந்து லயங்கள் புதையுண்டன. ஊவாவின் பல தோட்டங்களில் மழைக்காலத்தில் இரவோடிரவாக லயத்தை விட்டு வெளியேறும்படி அறிவித்தல் வருகிறது. எந்தக் காம்பராவில் யாரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், யார் தூக்குவது என்பதையும் அதே கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். பிறப்புச் சான்றிதழ்களின் போட்டோப் பிரதிகளை ஒரு பொலித்தீன் பையிலிட்டு, கொப்பியோடு சேர்த்து வைப்பதும் நல்லது.