மலை ஓட்டலில் மாலைத் தேநீர்

நீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்? பள்ளி மாணவர் எவரைக் கேட்டாலும் "100 டிகிரி செல்சியஸ்" என்று தயங்காமல் விடை வரும். ஆனால் மதுரை வண்டியூரில் அடுப்பிலேற்றிய நீரும் உதகமண்டலத்தில் அடுப்பிலேற்றிய நீரும் ஒரே வெப்பநிலையில் கொதிப்பதில்லை. இந்த வேறுபாட்டை நாவினாலேயே அறிய ஓர் எளிய வழி உண்டு. அதுதான் தேநீர்.

மாலை நான்கு மணியளவில் சிற்றுண்டியுடன் தேநீர் அருந்தும் வழக்கம் 1840-ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தின் உயர்குடியினரிடையே பரவியது. பெட்ஃபோர்டு கோமகள் அன்னா இதைத் தொடங்கி வைத்ததாகக் கூறுவர். ஆங்கிலேயர் சென்ற இடமெல்லாம் இவ்வழக்கமும் சென்றது. கொழும்புக் கடற்கரையில் 1864-இல் தொடங்கப்பட்ட கால்ஃபேஸ் ஓட்டலும், 1829-ஐத் தன் தொடக்க ஆண்டாகக் கூறும் உதகை சவாய் ஓட்டலும் அந்தக் காலத்தை நினைவூட்டும் பழைய விடுதிகள்.

இத்தகைய விடுதிக்குக் குடும்பத்தோடு சென்றால், மேசைமீது டீபாட் எனப்படும் மூக்குவைத்த பீங்கான் பாத்திரத்தில் தேயிலைச் சாயம் வரும். பால் தனி, சர்க்கரை தனி. "இதைக் கலந்து கொண்டுவரத் தெரியாதா?" என்று நம் வீட்டுப் பாட்டிமார் கேட்பதுண்டு. தனித்தனியாக வருவதில் ஒரு நன்மை இருக்கிறது. அதைப் பிறகு காண்போம்.

மலையில் கொதிநிலை குறைவது ஏன்?

நீரிலிருந்து வெளியேறத் துடிக்கும் ஆவியின் அழுத்தம், நீரின்மேல் அழுத்தும் காற்றின் அழுத்தத்துக்குச் சமமாகும்போது நீர் கொதிக்கிறது. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரச உயரம். மதுரை கடல் மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர் உயரமே உள்ளதால், இங்கே கொதிநிலை 100 டிகிரிக்குச் சற்றே குறைவு. உதகையோ சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய 580 மில்லிமீட்டர்தான். ஆகவே நீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுகிறது. ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் கொதிநிலை ஏறத்தாழ ஒரு டிகிரி இறங்கும் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அடுப்பை எவ்வளவு எரித்தாலும் திறந்த பாத்திரத்தில் அந்த 93-ஐத் தாண்ட முடியாது. கூடுதல் வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்கவே செலவாகும். மலையூர்களில் குக்கர் இல்லாமல் பருப்பு வேகத் தாமதமாவது இதனால்தான். தேயிலையின் சாரமும் சூடு குறைந்த நீரில் மெதுவாகவே இறங்கும். எனவே அங்கே தேயிலையைச் சற்றுக் கூடுதல் நேரம் ஊறவிட வேண்டும்.

பாத்திரம் பருகும் வெப்பம்

டீபாட்டை முதலில் வெந்நீரால் அலசிச் சூடாக்குவதும் வெறும் சடங்கன்று. கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாத்திரத்தின் எடை 400 கிராம். பீங்கானின் வெப்ப எண் நீரினுடையதில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே அது 80 கிராம் நீருக்குச் சமம். உதகைக் குளிரில் அது 15 டிகிரியில் இருக்கிறது என்போம். அதில் 93 டிகிரியில் 600 கிராம் நீரை ஊற்றினால் இரண்டும் சேர்ந்து சுமார் 84 டிகிரிக்கு வந்துவிடும். பாத்திரத்தை முன்னரே 70 டிகிரிக்குச் சூடாக்கியிருந்தால் நீர் 90 டிகிரியில் நிற்கும். கொதிநிலை ஏற்கெனவே குறைந்த ஊரில் இந்த ஆறு டிகிரி பெரிய இலாபம்.

எந்தச் சூட்டில் பருகுவது?

தேநீர் தயாரிக்க வெப்பம் வேண்டும். பருகவோ அவ்வளவு வெப்பம் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, 65 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் பருகும் பானங்கள் உணவுக்குழாயில் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என 2016-இல் வகைப்படுத்தியது. குற்றம் தேயிலையினுடையதன்று, சூட்டினுடையது. ஈரானின் கோலிஸ்தான் பகுதியைப் பற்றி 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், 70 டிகிரிக்கு மேற்பட்ட தேநீரை அருந்துவோருக்கு, 65 டிகிரிக்குக் கீழே அருந்துவோரைவிட இந்நோய் ஏறத்தாழ எட்டு மடங்கு மிகுதியாகக் காணப்பட்டது. ஊற்றிய இரண்டு நிமிடத்துக்குள் குடித்தவர்களைவிட நான்கு நிமிடமாவது பொறுத்தவர்களிடம் நோய் குறைவாக இருந்தது.

இப்போது பாட்டியின் கேள்விக்கு வருவோம். கோப்பையில் 75 டிகிரியில் உள்ள 120 கிராம் சாயத்துடன், 15 டிகிரியில் உள்ள 30 கிராம் பாலைச் சேர்த்தால், கலவை சுமார் 63 டிகிரிக்கு இறங்கும். தனியே வந்த குளிர்ந்த பால், தேநீரைப் பருகும் பதத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது. சாயத்தைச் சில நிமிடம் ஆறவிட்டுப் பிறகு பாலை ஊற்றினால் இன்னும் குளிரும். ஏனெனில் சூடு மிகுந்த பொருளே விரைவாக வெப்பத்தை இழக்கிறது என்பது நியூட்டனின் விதி.

நம் தெருக் கடையில் நிலைமை வேறு. சாயமும் சூடு, பாலும் சூடு. கண்ணாடிக் கிளாசின் மேலே நிற்கும் நுரை, காற்றைச் சிறைப்படுத்திய போர்வை. உதட்டில் படும் நுரை இதமாக இருக்க, அடியிலுள்ள தேநீர் சுடச்சுட இருக்கும்.

இதற்கு மாற்று நம் வீடுகளிலேயே உள்ளது. டவராவும் டம்ளரும் எடுத்து உயரத் தூக்கி ஆற்றுகிறோம் அல்லவா? அப்போது தேநீர் மெல்லிய இழையாக நீண்டு, காற்றுபடும் பரப்பு பெருகுகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 550 கலோரி வேண்டும். 150 கிராம் தேநீரை 85-லிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர 3,750 கலோரி நீங்க வேண்டும். ஏழு கிராமுக்கும் குறைவான நீர் ஆவியானால் போதும், வேலை முடிந்தது.

நீங்களே செய்து பாருங்கள்

பள்ளி ஆய்வகத்தில் 110 டிகிரி வரை காட்டும் வெப்பமானி ஒன்றை ஆசிரியரின் அனுமதியோடு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே அளவு வெந்நீரை இரண்டு டம்ளர்களில் ஊற்றி, இரண்டும் ஒரே சூட்டில் இருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றை அப்படியே வையுங்கள். மற்றொன்றைப் பெரியவர் ஒருவர் நான்கைந்து முறை ஆற்றட்டும். பிறகு அரை நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டையும் அளந்து வரைபடம் போடுங்கள். ஒவ்வொன்றும் 65 டிகிரிக் கோட்டைத் தொட எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். கண்ணாடி வெப்பமானி எளிதில் உடையும்; அளவெடுத்த நீரைக் குடிக்க வேண்டா.

அந்த வரைபடத்தை வீட்டிலுள்ள தாத்தா பாட்டியிடம் காட்டுங்கள். நாக்கு பொறுக்கும் சூட்டையெல்லாம் உணவுக்குழாய் பொறுக்கும் என்பதில்லை. மலை ஓட்டலின் பீங்கான் கோப்பையானாலும் வண்டியூர்க் கடையின் கண்ணாடிக் கிளாசானாலும், முதல் மிடறுக்கு முன் நான்கு நிமிடம் பேசிக்கொண்டிருப்பது நல்லது.