ரயரின் அளவும் வண்டியின் நலமும்



மோட்டார் வண்டிக்குப் புதிய ரயர் வாங்கும் வேளையில், "இம்முறை சற்று அகன்றதாகவோ உயர்ந்ததாகவோ போட்டால் என்ன?" என்று பலர் எண்ணுவதுண்டு. வண்டி கம்பீரமாகத் தோன்றும், குழிகளில் அடிப்பாகம் இடிபடாது என்பன அவர்கள் கூறும் காரணங்கள். இவ்வாசையைக் குறைகூறுவதற்கில்லை. ஆயினும், அதனை நிறைவேற்றுமுன் செய்யவேண்டிய சிறு கணக்கு ஒன்றுண்டு. எட்டாம் வகுப்பு மாணவனும் செய்யக்கூடிய அக்கணக்கையே இன்று விளக்க விரும்புகின்றேன்.

ரயரின் பக்கச்சுவரில் 195/65 ஆர் 15 என்பது போன்ற குறியீடு பொறிக்கப்பட்டிருக்கும். 195 என்பது மில்லிமீற்றரில் ரயரின் அகலம். 15 என்பது அது பொருந்தும் றிம்மின் விட்டம், அங்குலத்தில். 'ஆர்' என்பது ரேடியல் என்னும் அமைப்பைக் குறிக்கும். நடுவிலுள்ள 65 மில்லிமீற்றருமன்று, அங்குலமுமன்று. பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 65 சதவீதம் என்பதே அதன் பொருள். பலர் இடறும் இடம் இதுவே. அகலத்தைக் கூட்டி நடு எண்ணை அவ்வாறே விட்டால், உயரமும் தானாகக் கூடிவிடுகின்றது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 195இல் 65 சதவீதம் அண்ணளவாக 127 மில்லிமீற்றர். மேலும் கீழுமாக இரு பக்கச்சுவர்கள் இருப்பதால் அது 254 ஆகும். 15 அங்குலம் 381 மில்லிமீற்றர். இரண்டையும் கூட்டினால், சில்லின் முழு விட்டம் ஏறத்தாழ 635 மில்லிமீற்றர். இதற்குப் பதிலாக 205/70 ஆர் 15 பூட்டினால் விட்டம் 668 ஆகிவிடும். ஐந்து சதவீதத்திற்கும் அதிகமான வேறுபாடு.

இதனால் நேர்வது யாது? பெரிய சில்லு ஒரு சுற்றில் அதிக தூரம் ஓடும். வேகமானியோ பழைய சில்லையே மனத்திற் கொண்டு கணிக்கும். முன்னர் சரியாகக் காட்டிய வேகமானி, அதிவேகப் பாதையில் 100 கிலோமீற்றர் என்று காட்டும்போது வண்டி 105 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும். றம்பொடை போன்ற ஏற்றங்களில் இயந்திரம் திணறும். பிறேக்கின் வேலை கடினமாகும். முழுப் பாரத்துடன் வளைவில் திரும்பும்போது, ரயர் மட்காட்டில் உராயவும் கூடும்.

அகலத்தைக் கூட்டவே வேண்டுமாயின், நடு எண்ணைக் குறைத்து, றிம்மைப் பெரிதாக்குதல் வழி. 205/55 ஆர் 16 இன் விட்டம் ஏறத்தாழ 632 மில்லிமீற்றர். பழையதற்கு மிக அண்மையானது. வேறுபாடு மூன்று சதவீதத்தைத் தாண்டலாகாது என்பது பொதுவாகக் கூறப்படும் எல்லை. எனினும், பக்கச்சுவர் குறுகியதால் குழியில் விழும் அதிர்ச்சி றிம்மையே தாக்கும். அகன்ற ரயர், மழைநீர் தேங்கிய பாதையில் நீரின்மேல் மிதந்து பிடிப்பை இழக்கும் அபாயமும் கூடுதல்.

அளவு பொருந்தினாலும் ஆராய்ச்சி முடிந்துவிடவில்லை. அளவையடுத்து 91 எச் என்பது போன்ற மற்றொரு குறியீடு இருக்கும். 91 என்பது ஒரு ரயர் 615 கிலோகிராம் தாங்கும் என்பதையும், எச் என்பது அது மணிக்கு 210 கிலோமீற்றர் வரையிலான வேகத்திற்குரியது என்பதையும் குறிக்கும். விலை மலிவு கருதி 88 என்பதை வாங்கினால் தாங்குதிறன் 560 ஆகக் குறையும். நான்கு ரயர்களுக்கும் சேர்த்து இழப்பது 220 கிலோகிராம். மூன்று பெரியவர்களின் நிறை! குடும்பத்தினரையும் பொதிகளையும் ஏற்றிக்கொண்டு நடுப்பகல் வெயிலில் நெடுந்தூரம் ஓடும்போதுதான், பாரம் மிஞ்சிய ரயர் சூடேறி வெடிக்கின்றது. ஆதலின், வண்டிக்கு விதித்த எண்ணிற் குறைந்ததை ஒருபோதும் ஏற்கவேண்டாம்.

ஒரே அச்சின் இருபுறமும் ஒரே அளவும் ஒரே அமைப்பும் கொண்ட ரயர்களே இருத்தல் வேண்டும். உங்கள் வண்டிக்குரிய அளவும் காற்றழுத்தமும் பெரும்பாலும் சாரதியின் கதவோரத்தில் ஒட்டிய சிறு தகட்டிலேயே எழுதப்பட்டிருக்கும். கடைக்குச் செல்லுமுன் அதனை ஒரு தாளிற் குறித்து, பென்சிலால் இக்கணக்கையும் செய்துகொள்ளுங்கள். காலுக்கேற்பச் செருப்பைத் தேர்வதில் நாம் காட்டும் கவனம், நம் குழந்தைகளைச் சுமந்து செல்லும் வண்டிக்கும் உரியதன்றோ?