பெடாஸிலிருந்து ஒரு வருடம்

போனால் திரும்பி வரலாம் என்ற நிச்சயத்தோடு வீட்டை விட்டுக் கிளம்புவது, மலேசியாவில் பெடாஸ் வட்டாரத் தோட்டத் தமிழர்களுக்கு அண்மையில்தான் வாய்த்திருக்கிறது. கிளம்புவது நமக்குப் புதிதல்ல. மூன்று தலைமுறையாகக் கிளம்பிக்கொண்டேதான் இருந்தோம். ஆனால் போன இடத்திலிருந்து பழைய வாசலுக்கே வந்து சேர்ந்தவர்கள் மிகக் குறைவு.

என் தங்கையின் பேத்திக்குப் பதினாறு வயது. மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஓராண்டு அமெரிக்காவுக்குப் போகிறாள். முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தோடு தங்கி, அங்குள்ள உயர்நிலைப் பள்ளியில் படித்துவிட்டு வருவாள். கென்னடி, லூகர் என்ற இரண்டு செனட்டர்களின் பெயரைத் தாங்கிய 'யெஸ்' திட்டம் அது. செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, 2002இல் அமெரிக்க அரசு தொடங்கியது. முஸ்லிம்கள் கணிசமாக வாழும் நாடுகளின் பிள்ளைகளும் அமெரிக்கக் குடும்பங்களும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளட்டும் என்பது நோக்கம். மலேசியாவும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. இங்கே தேர்வு வேலையை ஏ.எஃப்.எஸ். அமைப்பு பார்க்கிறது. முதல் உலகப் போரில் காயம்பட்ட வீரர்களை ஆம்புலன்ஸில் ஏற்றிச் சென்ற அமெரிக்கத் தொண்டர்கள் உருவாக்கிய அமைப்பு அது. இரண்டு போர்களையும் பார்த்த பிறகு, பிள்ளைகளை ஒருவர் வீட்டில் ஒருவர் வளரவிட்டால் அடுத்த போர் வராமல் போகலாம் என்று நம்பி, 1947இல் பள்ளி மாணவர் பரிமாற்றத்தில் இறங்கினார்கள். அந்த நம்பிக்கையின் நூல் பெடாஸ் தாமான் குடியிருப்பு வீடு ஒன்றுவரை நீண்டு வந்திருப்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

என் பாட்டனார் சேலம் பக்கத்திலிருந்து ஆள் சேர்க்கும் கங்காணியோடு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர். ஒரு வாரத்துக்கும் மேலான கடல் பயணம், கரை இறங்கியதும் தொற்றுநோய்த் தடுப்பு முகாம், பிறகு ரயிலும் லாரியுமாகத் தோட்டம். அவர் செய்த ஆயத்தம் ஒரு துணி மூட்டைக்குள் அடங்கிவிட்டது. நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பி நிலம் வாங்குவதாகச் சொல்லிவிட்டுத்தான் வந்தாராம். 1938இல் இந்திய அரசு தோட்டக் கூலிகளை அனுப்புவதை நிறுத்தியது. அதோடு கங்காணி முறை முடிந்தது. பாட்டனாரின் நிலம் வாங்கும் திட்டமும் பேச்சாகவே நின்றுவிட்டது.

அடுத்து ஜப்பான்காரன் காலம். 1942, 43இல் சயாம் மரண ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து ஆள் திரட்டியபோது, மூன்று மாத வேலைதான், முடிந்ததும் வந்துவிடலாம் என்று சொல்லியே பலரை ஏற்றினார்கள். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பெண்கள் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பினார்கள். போனவர்களில் ஏராளமானோர் காட்டில் காலராவிலும் மலேரியாவிலும் மாண்டார்கள். "வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போகும் வழக்கம் எங்கள் பாட்டிக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. யார் கிளம்பினாலும் எப்போது வருவாய் என்று கேட்கவே மாட்டார்.

1969க்குப் பிறகு இன்னொரு கிளம்பல். சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர்கள், அதாவது குடியுரிமை எடுக்காமல் விட்டவர்கள், வேலை செய்யப் பெர்மிட் வாங்க வேண்டும் என்று சட்டம் வந்தது. இந்த மண்ணிலேயே ரப்பர் மரத்தில் பால் வெட்டி மூப்படைந்தவர்கள் பலரிடம் பிறப்புப் பத்திரம்கூட இல்லை. பல்லாயிரம் பேர் தமிழ்நாட்டுக்குக் கப்பலேறினார்கள். 1926 முதல் ஓடிக்கொண்டிருந்த ரஜூலா கப்பலில் எங்கள் லயத்துக் குடும்பம் ஒன்றும் போனது. தகரப் பெட்டி, அம்மிக்கல், ஒரு தையல் மிஷின். அம்மிக்கல் எதற்கு என்று தோட்டத்து எழுத்தரான கிராணி கேட்டதும், அந்த அம்மா பதில் சொல்லாமல் அதைச் சாக்கில் சுற்றியதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. திரும்பி வரப்போகிறவர் யாரும் அம்மிக்கல்லைத் தூக்கிக்கொண்டு போகமாட்டார்.

படிப்புக்காகக் கிளம்புவதும் அப்போது அப்படித்தான். 1970களில் என் அண்ணன் ஆறாம் படிவம் படிக்கச் சிரம்பான் போனார். பெடாஸிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கிற ஊர். ஆனாலும் அது வெளிநாடு மாதிரிதான். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம், பிறகு மொழி பழகுவதற்கென்றே ஒரு வருடம் 'ரிமூவ்' வகுப்பு, அதன்பின் இடைநிலைப்பள்ளி என்று ஏறி வந்தவர் அவர். சிரம்பானில் தூரத்து உறவினர் வீட்டுத் திண்ணையில் தங்க இடம் கிடைத்தது. அவரை அனுப்ப லயமே ஆயத்தமானது. மேற்பார்வை பார்க்கும் தண்டல் ஐந்து வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தார். பக்கத்து வீட்டு அக்கா ஒட்டுப்பால் காசில் ஒரு வெள்ளைச் சட்டை வாங்கித் தந்தார். மழைக்காலம் அது. காலையில் மழை பெய்தால் பால் வெட்ட முடியாது, வெட்டாத நாளுக்குக் கூலி இல்லை. கூலியில்லாத அந்த வாரத்திலும் முனியாண்டிக்குச் சேவல் அறுத்துத்தான் அவரை அனுப்பினார்கள்.

அண்ணன் படித்துக்கொண்டிருந்தபோதே அப்பாவுக்கு 55 வயதாகிவிட்டது. லயத்து வீடு தோட்டத்து நிர்வாகத்தின் வீடு. வேலை இருக்கும்வரை வீடு, வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. சில வாரங்களில் காலி செய்தோம். விடுமுறைக்கு வந்த அண்ணன், ரெம்பாவ் அருகே ஒரு கம்பத்து, அதாவது கிராமத்து, குடிசையின் வாசலில் எங்களைத் தேடிக் கண்டுபிடித்தார். அவர் கிளம்பிப்போன வீட்டில் அப்போது வேறு குடும்பம் இருந்தது.

அதே ரெம்பாவ் மாவட்டத்தில், சாலைக்கு அந்தப் பக்கம் மலாய்க் கம்பங்கள். மினாங்கபாவ் வழி வந்தவர்கள். அவர்களுடைய அடாட் பெர்ப்பாத்தே வழக்கத்தில் பரம்பரை நிலம் தாய்வழியே பெண்களுக்குப் போகும். 1909இல் ஆங்கிலேயர் அதைச் சட்டமாகவே எழுதி வைத்தார்கள். வாலிப வயதில் ஆண் பிள்ளைகள் வெளியூர் போய் உலகம் பார்த்து, கற்றுத் திரும்புவது அவர்களிடம் பழைய மரபு. எங்கே சுற்றினாலும் அம்மாவின் வீடும் வயலும் அவன் வரும்வரை அங்கேயே இருக்கும். ஒரே மாவட்டத்து மழையில் நனைந்து வாழ்ந்த நம்மால் ஏன் அப்படிப் போய்வர முடியவில்லை என்று யாராவது கேட்டால், என் பதில் இதுதான்: நம் பிள்ளைகளுக்குத் துணிச்சல் குறைவாக இருக்கவில்லை, விட்டுவிட்டுப் போகச் சொந்தமாக ஒரு கதவுதான் இல்லாமல் இருந்தது. இதை உணர்ந்தவர் அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட நேரத்தில், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பால்மரத் தொழிலாளியிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார். எல்லோரையும் அது எட்டவில்லை. எங்களை எட்டவில்லை.

இன்று பேத்தி கிளம்பும் வீடு ஒரு மலிவு விலைத் தொடர்வீடு. அரசு 25,000 வெள்ளி என்று விலை நிர்ணயித்துக் கட்டவைத்த காலத்து வீடு. என் தங்கை ரப்பர்த் தோட்டம் செம்பனையாக மாறியபோது வேலையை விட்டு, இ.பி.எஃப். சேமநிதிப் பணத்தை எடுத்து முன்பணம் கட்டினாள். மீதியைத் தொழிற்சாலைச் சம்பளத்தில் மகளும் மருமகனும் அடைத்தார்கள். இரண்டு அறை. ஒழுகுகிற சமையலறைக் கூரை. பட்டா தங்கையின் பெயரில்.

விண்ணப்பத்தில் அந்தப் பிள்ளைக்குக் கடினமாக இருந்தது, தன்னை ஏற்கப்போகும் குடும்பத்துக்கு எழுத வேண்டிய கடிதம். உன் வீடு எப்படி, ஒரு நாள் எப்படிப் போகும், எதை விரும்புவாய் என்று எழுத வேண்டும். அந்தக் குடும்பம் சம்பளம் வாங்கிக்கொண்டு மாணவரை வைத்துக்கொள்வதில்லை. கடிதத்தையும் படங்களையும் பார்த்து, இந்தப் பிள்ளை நம் வீட்டுக்கு வரட்டும் என்று விரும்பிச் சேர்த்துக்கொள்கிறது. முதலில் அவள் எழுதியதில் பெடாஸ் வெந்நீர் ஊற்று இருந்தது, கோயில் இருந்தது, அவள் பாட்டி, அதாவது என் தங்கை, இல்லை. "பாட்டி பால் வெட்டினவங்கன்னு எழுதலாமா தாத்தா?" என்று கேட்டாள். எழுது என்றேன். விடியற்காலை நாலரைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டு, கையில் உளி, தோளில் பால் வாளி தூக்கும் காண்டா, ஒவ்வொரு மரத்திலும் ஒரு மெல்லிய சீவல், பால் சொட்டுவதற்குக் கீழே ஒரு மங்கு (கிண்ணம்) என்று பாட்டியே பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல, அவள் ஆங்கிலத்தில் எழுதினாள். சீவல் ஆழமானால் மரம் கெடும், மேலோட்டமானால் பால் வராது என்ற வரியில் வந்து இருவரும் அரைமணி நேரம் நின்றார்கள். அந்தக் கடிதத்தைப் படித்த குடும்பம்தான் அவளைக் கேட்டு வாங்கியது.

மற்ற ஆயத்தங்கள் வேகமாக நடந்தன. பல் பரிசோதனை, தடுப்பூசி அட்டை, கடப்பிதழ், கோலாலம்பூர் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள அமெரிக்கத் தூதரகத்தில் விசா நேர்காணல், பயணத்துக்கு முன் ஒரு முகாம். அங்கே மூன்று விஷயங்களில் பேச்சுக்கே இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள்: போதைப்பொருள் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது, வழியில் போகும் வண்டியைக் கைகாட்டி நிறுத்தி ஏறக் கூடாது. அரசுச் செலவில் போவதால் படிப்பு முடிந்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பி வந்தாக வேண்டும், இரண்டாண்டு இங்கே வாழாமல் அங்கே குடியேற வழியில்லை என்ற நிபந்தனையும் உண்டு. அதைப் படித்துக் காட்டியபோது என் தங்கை கையெடுத்துக் கும்பிட்டாள். நம் குடும்ப வரலாற்றில் திரும்பி வருவதைக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கியது இதுதான் முதல் தடவை.

பெட்டி கட்டுவது தனிக்கூத்து. 23 கிலோ எடை. குளியலறைத் தராசில் முதலில் அவள் அம்மா ஏறி நிற்பாள், பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்பாள், கழித்துப் பார்ப்பார்கள். பாபாஸ் மசாலைத் தூள் பாக்கெட்டுகள் உள்ளே போகும், குளிர்ச்சட்டை வெளியே வரும். அங்கே குளிர்ச்சட்டை கிடைக்கும், மீன் குழம்புத் தூள் கிடைக்காது என்பது அம்மாவின் வாதம். நானும் அதே கட்சிதான். இறைச்சி வேண்டாம், எந்த உணவுப் பொருளாக இருந்தாலும் சுங்கப் படிவத்தில் எழுதிவிடு என்று மட்டும் சொன்னேன். அந்தக் குடும்பத்துக்கு ஒரு பாத்திக் துணி, கூடவே பாட்டி தைத்த கோலம் போட்ட மேசை விரிப்பு.

அன்று என் அண்ணனுக்கு வீட்டிலிருந்து சேதி போக வேண்டுமானால் கடிதம், அவசரமானால் தோட்டத்து ஆபீசில் கிராணியின் தயவில் ஒரு போன். இன்று கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசலாம். அதனாலேயே ஒரு புதுத் தொல்லை. முதல் வாரங்களில் வீட்டோடு தினமும் பேசாதீர்கள், பிள்ளை அந்தக் குடும்பத்தோடு ஒட்டாது என்று முகாமில் பெற்றோரிடம் சொன்னார்கள். மகளை அனுப்புவதைவிட இதுதான் தாய்க்குப் பெரிய ஆயத்தம். என் தங்கை மகள் இப்போதே பழகிக்கொள்கிறாள். மாலையில் போனை அலமாரியில் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போகிறாள். இதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். அந்தக் காலத்துத் தாய்மார்களுக்கு மௌனத்தைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. இவள் வழி இருந்தும் தானாகவே விலகி நிற்கப் பழகுகிறாள்.

நாங்கள் குடியிருந்தது போன்ற குடியிருப்புகளில் இன்று வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் நேப்பாளியரும் இருக்கிறார்கள். செம்பனைக் குலை வெட்டுகிறார்கள். தாமான் மளிகைக் கடையில் ஒரு வங்காளதேசத் தொழிலாளி பேத்தியின் பயணத்தைக் கேள்விப்பட்டு, எத்தனை வருடம் என்று மலாயில் கேட்டார். ஒரு வருடம் என்றதும், "பாகுஸ், பாகுஸ்" (நல்லது, நல்லது) என்றார். ஊரில் அவருடைய மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாளாம், அவர் இன்னும் நேரில் பார்க்கவில்லை. என் பாட்டனார் தூக்கிய மூட்டை இன்று அவர் தோளில் இருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளை போய்வரும் மகிழ்ச்சியில் நாம் இவர்களை மறக்கக் கூடாது என்று சத்தமாகவே சொல்கிறேன்.

பெடாஸ் சுங்கச் சாவடியில் நெடுஞ்சாலை ஏறினால் கே.எல்.ஐ.ஏ. விமான நிலையம் ஒரு மணி நேரம்தான். வழியனுப்ப இரண்டு வேன் பேசியிருக்கிறோம். தோட்டத்தில் எங்களோடு இருந்து, இப்போது வெவ்வேறு தாமான்களில் இருக்கும் குடும்பங்களும் வருகின்றன. அன்று வெள்ளைச் சட்டை வாங்கித் தந்த அக்காவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. அவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

பெற்றோருக்கு ஒரே ஒரு தயக்கம் மிச்சமிருந்தது. "மாமா, ஒரு வருசம் போச்சுன்னா எஸ்.பி.எம். என்னாகும்?" என்று தங்கை மகள் என்னிடம் கேட்டாள். இடைநிலைப்பள்ளியின் இறுதித் தேர்வைப் பற்றிய நியாயமான கேள்வி. அங்கே படிப்பது இங்கே தேர்வுக் கணக்கில் சேராது. அமெரிக்கப் பள்ளி ஆண்டு ஆகஸ்டில் தொடங்கி ஜூன் வாக்கில் முடியும், நம் பள்ளி ஆண்டோடு ஒத்துவராது. கூடப் படித்தவர்கள் முன்னால் போய்விடுவார்கள், இவள் ஒரு வருடம் பின்தங்கித்தான் தேர்வு எழுத வேண்டியிருக்கும். எழுதட்டும் என்றேன். இவளுடைய பெரிய தாத்தா, என் அண்ணன், ரிமூவ் வகுப்பில் ஒரு வருடம் கூடுதலாக உட்கார்ந்தவர்தான். அவருக்கு அந்த வருடத்தை வேறு யாரோ முடிவு செய்தார்கள். இவள் தானே கேட்டு வாங்கியிருக்கிறாள். தாமானில் மூன்றாம் படிவம் படிக்கும் இன்னும் இரண்டு பிள்ளைகளுக்காகப் பெற்றோர் விண்ணப்ப விவரம் கேட்டிருக்கிறார்கள். வருகிற வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் அவர்களை உட்காரவைத்து, இந்த எஸ்.பி.எம். கணக்கை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசப் போகிறேன்.